அந்த நூறில் யார் யார் இருந்தார்கள்?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், வட சென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: நான் வீட்டு வேலை செய்கிறேன். மகள் மாநகராட்சிப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 412 மார்க் வாங்கியிருக்கிறாள். பக்கத்துத் தெருவில் உள்ள தனியார் பள்ளி, பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்று பெரிய பேனர் வைத்திருக்கிறது. "கடன் வாங்கியாவது பிளஸ் ஒன்னுக்கு அங்கே மாத்திடு" என்கிறார் நான் வேலை செய்யும் வீட்டம்மா. மாற்றலாமா?
*ஒரு தாய், வியாசர்பாடி*

அம்மா, மாற்ற வேண்டாம். கடன் வாங்கி மாற்றவே வேண்டாம்.

பேனரில் இல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்துவிட்டது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் பிளஸ் டூ முடிய அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் அந்தக் கணக்கில்தான் வரும். கடைசி இரண்டு வருடத்துக்கு வெளியே போனால் அந்த உரிமை போய்விடும். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழுமே, அதுவும் போய்விடும். 412 மார்க் எடுத்த பிள்ளை இந்த இரண்டையும் எதற்காக விட வேண்டும்?

இந்தத் தவறை நல்ல மனதோடு செய்த பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும். அந்த முகங்களை மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மகள் எந்த குரூப் எடுக்க நினைக்கிறாளோ, அந்தப் பாடங்களுக்கெல்லாம் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள். "இயற்பியலுக்கு டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இல்லை என்று பதில் வந்தால், ஆசிரியர் இருக்கிற இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். அது வேறு விஷயம், அதில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கேள்வி: 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 91.94 சதவீதம்தான். ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம், இலவசப் புத்தகம், இலவச பஸ் பாஸ் எல்லாம் இருந்தும் ஏன் தனியாரைத் தொட முடியவில்லை? பாடம் நடத்துவதில்லை என்பதுதானே உண்மை?
*ஒரு வாசகர், அண்ணா நகர்*

ஐயா, பாடம் நடத்தாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இந்த 3 சதவீத வித்தியாசத்தை வைத்து எந்தப் பள்ளி நன்றாக நடத்துகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. கணக்கு டீச்சராகவே பதில் சொல்கிறேன்.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்கிற கணக்கு. எழுத வராதவர் அதில் வர மாட்டார். பாதியில் டிசி வாங்கிக்கொண்டு போனவரும் வர மாட்டார். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் 25 பேரை "இங்கே சரிப்பட்டு வராது" என்று அனுப்பிவிட்டு, மிச்சம் 75 பேரும் பாஸ் ஆனால் அந்தப் பள்ளிக்கு 100 சதவீதம். அனுப்பப்பட்ட 25 பேரையும் தன் 100 பேரோடு சேர்த்துக்கொண்ட பள்ளியில் 125 பேர் எழுதி 110 பேர் பாஸ் ஆனால் 88 சதவீதம். பேனர் முதல் பள்ளிக்கு. மெமோ இரண்டாவது பள்ளிக்கு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் என் அறை வாசலில் அந்த 25 பேர் வந்து நிற்பார்கள். அம்மா ஒரு கையில் டிசியும் இன்னொரு கையில் பையனுமாக நிற்பார். டிசியில் நன்னடத்தை என்றுதான் எழுதியிருக்கும். ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டால், "கணக்குல வீக்காம் மேடம்" என்பார் அந்த அம்மா, தானே குற்றம் செய்துவிட்டது போல. நாங்கள் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. வாசலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிற பள்ளியையும், வடிகட்டிச் சேர்க்கிற பள்ளியையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாகப் போடுவது நியாயமே இல்லை. மாணவர்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை 2017-ல் நிறுத்தினார்கள். நல்ல காரியம். பள்ளிகளின் சதவீத ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியையான புதிதில், ரிசல்ட் குறைந்துவிடும் என்ற பயத்தில் ஒரு பெண்ணைப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் இருந்து எடுத்தேன். வேதியியலிலும் கணக்கிலும் திருப்புதல் தேர்வு எதிலும் அவள் தேறவில்லை. "அடுத்த வருஷம் தனித்தேர்வரா எழுதட்டும்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் இரண்டு பாடம் போயிருக்கலாம், துணைத் தேர்வில் ஜூலைக்குள் முடித்திருப்பாள். பட்டியலுக்காக அவள் கொடுத்த இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் என் மேசை டிராயரிலேயே தங்கிவிட்டன. இரட்டைச் சடை, ரிப்பன், கொஞ்சம் பயந்த கண்கள். ஓய்வு பெற்ற அன்று மேசையைக் காலி செய்தபோது அவற்றை எடுத்து வந்துவிட்டேன். இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஐயா, உங்கள் பகுதிப் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏழு வருடத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த மார்ச்சில் உங்கள் பள்ளியில் பிளஸ் டூ எழுதினார்கள்?" ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவு எண், இருக்கிறது. பதில் சொல்ல முடியாத கேள்வி இல்லை இது. அரசுப் பள்ளியிடமும் கேளுங்கள், தனியார் பள்ளியிடமும் கேளுங்கள்.

கேள்வி: மாநகராட்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த கணித ஆசிரியர் நான். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தப் போனால் பாதிப் பேருக்குக் கழித்தலே வரவில்லை. பாடத்தை முடிப்பதா, அடிப்படையில் இருந்து தொடங்குவதா? தினமும் மனம் உடைந்து வீடு திரும்புகிறேன்.
*ஓர் ஆசிரியர், கொருக்குப்பேட்டை*

தம்பி, மனம் உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல அடையாளம். ஒரு நோட்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 403-ல் இருந்து 178 போனால் 375 என்று எழுதியிருந்தான். தப்பு என்று சிவப்பு மையில் கோடு போடக் கை போய்விட்டது. நிறுத்திவிட்டு அந்த விடையைப் பார்த்தேன். 3-ல் இருந்து 8 போகாது, அதனால் திருப்பிப் போட்டு 5. பூஜ்யத்தில் இருந்து 7 போகாது, திருப்பிப் போட்டு 7. 4-ல் இருந்து 1 போனால் 3. ஏனோதானோ என்று எழுதிய விடை இல்லை அது. பெரியதில் இருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று சின்ன வகுப்பில் கற்றதை அவன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

அவன் சாயங்காலத்தில் தன் அத்தையின் மீன் வறுவல் தள்ளுவண்டியில் கல்லா பார்ப்பவன். "உன் கடையில் 178 ரூபாய்க்குச் சாப்பிட்டேன், 403 ரூபாய் கொடுத்தேன். மீதி எவ்வளவு?" என்று கேட்டேன். கண்ணைக்கூட மூடவில்லை. "225 டீச்சர். மூணு ரூபா எதுக்குச் சேத்துக் குடுத்தீங்க?" என்றான். எப்படிப் போட்டாய் என்றால், "178-க்கு 22 போட்டா 200. இன்னொரு 200. அப்புறம் உங்க மூணு ரூபா" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். 22, 200, 3. கூட்டினால் 225. வகுப்பே பார்த்தது. "இதுவும் கணக்குதானா டீச்சர்?" என்று பின் பெஞ்சில் இருந்து ஒருத்தி கேட்டாள். மறுநாள் அட்டையில் நூறு, பத்து, ஒரு ரூபாய் நோட்டுகள் வெட்டிக்கொண்டு போனேன். 403-ஐக் கையில் கொடுத்து, 178-ஐ எடுத்துக் கொடு என்றேன். கையில் பத்து ரூபாய் நோட்டே இல்லை. "நூறை மாத்தணும்" என்று அவனே சொன்னான். "கடன் வாங்குதல்" என்று இத்தனை வருடம் நாம் மந்திரம் போலச் சொன்னது இந்தச் சில்லறை மாற்றுதலைத்தான். அதன் பிறகு அவன் 375 எழுதவில்லை.

ஆகவே இரண்டையும் செய்யுங்கள். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அடிப்படைக்கு, மிச்ச நேரம் பாடத்துக்கு. முதல் வாரத்தில் பத்தே பத்துக் கணக்கு கொடுத்து, யார் எந்த இடத்தில் தப்புகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். யார் எவ்வளவு மார்க் என்று எழுத வேண்டாம், எந்த மாதிரித் தப்பு என்று எழுதுங்கள். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது வகைத் தப்பு இருக்காது. நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். "மெல்லக் கற்போர்" என்று ஒரு பெஞ்சை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். ஒரு தடவை அந்த பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை அதன் பிறகு வாயைத் திறக்காது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2025 ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பு. 1 முதல் 8 வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பரில். அதற்குள் அவர்கள் ஐந்தாம் வகுப்பு. பெருக்கலும் வகுத்தலும் கையில் படிய வேண்டிய அந்த நாட்களில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு அடைந்து கிடந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வெளியே போய்விடும். அந்த ஓட்டை அவர்கள் சோம்பலால் விழுந்தது இல்லை, தம்பி.

கேள்வி: ஓட்டேரிப் பக்கம் இருந்த எங்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. பழைய பள்ளியிலேயே தொடரட்டுமா, புதிய இடத்தில் சேர்க்கட்டுமா?
*ஒரு தந்தை, ஆட்டோ ஓட்டுநர்*

ஜூன் மாதத்திலேயே போகிறீர்கள் என்றால், புதிய இடத்தில் உடனே சேர்த்துவிடுங்கள். தினமும் அங்கிருந்து வட சென்னைக்குப் பஸ் மாறி மாறி வந்து போனால் பிள்ளைக்குச் சாலையிலேயே பல மணி நேரம் கழிந்துவிடும். முதல் மாதம் உற்சாகமாக வருவான். காலாண்டுக்குள் திங்கட்கிழமைகளில் காணாமல் போவான். அரையாண்டுக்குள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் விழும்.

ஒருவேளை மாற்றம் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு என்றால் அசைக்காதீர்கள். தேர்வு முடியும்வரை பாட்டி வீடோ சித்தப்பா வீடோ, பழைய பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தேர்வு மையம், செய்முறைத் தேர்வு எல்லாம் பழைய பள்ளியோடு பின்னிக் கிடக்கும்.

குடிசைப் பகுதிகளில் இருந்து எடுத்து, நகரின் தென் கோடியில் இருக்கிற கண்ணகி நகருக்கு 2000-ல் இருந்தே குடும்பங்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். ஒவ்வொரு தடவையும் என் வகுப்பில் ஓரிரு பெஞ்சுகள் ஒரே வாரத்தில் காலியாகும். லாரி வந்த மறுநாள் அந்தப் பிள்ளைகளின் பைகள் மட்டும் வகுப்பில் கிடந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். வீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மே மாதத்தில் மாற்றலாம். டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன்.

கேள்வி: 2025 பிளஸ் டூ தேர்ச்சியில் பெண்கள் 96.70 சதவீதம், ஆண்கள் 93.16 சதவீதம். வருடா வருடம் இதே கதைதான். என் தம்பியும் பின்தங்குகிறான். பையன்களுக்கு என்ன ஆகிறது?
*கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை*

கண்ணு, உன் தம்பி காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறான்? முதலில் அதைப் பார்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். பெட்டி தூக்கிக் கொடுத்தால் பையன் கையில் அன்றைக்கே காசு. என் பிளஸ் ஒன் வகுப்பில் ஒருவன் அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வருவான். குளித்திருப்பான், தலை சீவியிருப்பான், ஆனாலும் விரல் இடுக்கில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னும். முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும். அவன் கொண்டுபோன காசில்தான் அந்த வீட்டு வாடகை. அவனிடம் போய் "படிப்பு முக்கியம்" என்று எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரியாதா? பெண்களுக்கும் வேலை இருக்கிறது, தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது என்று அவர்கள் சுமை கொஞ்சமில்லை. ஆனால் அதற்கு யாரும் கூலி தருவதில்லை. "படிக்காவிட்டால் கல்யாணம்" என்ற பயமும் பின்னால் நிற்கிறது. அதனால் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் சாப்பாடு. 1920-ல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பசியோடு பிள்ளை பள்ளிக்கு வராது என்பது நூறு வருடம் முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. 2022-ல் காலை உணவு வந்தது. கண்ணில் நீர் வந்தது எனக்கு. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பதினாறு வயதுப் பையன், நன்றாக வளர்கிற வயது, பிளஸ் ஒன்னில் கால் வைத்த அன்றே தட்டு போய்விடுகிறது. மாலைச் சிறப்பு வகுப்பில் சுண்டல் கொடுத்த நாட்களில் என் வகுப்பு நிறைந்திருக்கும். சுண்டலுக்காக வந்தார்கள் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்பேன். வந்தார்கள், கணக்கும் போட்டார்கள்.

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் ஒரு வேளை சோறு போட்டால் போதும், அந்த இரண்டு எண்களும் நெருங்கும். இது என் திடமான நம்பிக்கை.

கேள்வி: கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர் பிள்ளைகள் நிறைய பேர் சேர்ந்துவிட்டார்கள். இதனால் நம் பிள்ளைகள் படிப்பு பாதிக்காதா?
*ஒரு பெற்றோர், பெருங்குடி*

பாதிக்காது. வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் நம் பிள்ளைகள்தான். ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண் என் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். டிசி கிடையாது. டிசி இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆறே மாதத்தில் "இன்னாடி" என்று வட சென்னைத் தமிழில் சண்டை போட்டாள். எழுத்தில் ல, ள, ழ தடுமாறும், அது எங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கும் தடுமாறும். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து எழுதச் சொன்னேன். இருவருக்கும் சரியானது. அப்பாவின் கட்டட வேலை முடிந்ததும் குடும்பம் கிளம்பிவிட்டது. என் வருத்தமெல்லாம் அவள் போனதில்தான்.

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் பெயில். கூட்டாளிகள் எல்லாம் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். அப்பா "லேத் பட்டறைக்கு வா" என்கிறார். டீச்சர், எனக்குக் கணக்கே வராதா?
*ஒரு மாணவன், புளியந்தோப்பு*

வரும் ராஜா. எழுத்துத் தேர்வு 90 மார்க்குக்கு. அதில் 25 எடுத்து, அகமதிப்பீட்டையும் சேர்த்து 35 வந்தால் நீ பாஸ். கடைசிக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார். தொடவே முடியாதது எது, பாதிவரை போய் நின்றது எது என்று பிரித்து எழுது. பாதியில் நின்றவைதான் இந்த மாதம் உன் பாடம். அணிகள், கலப்பெண்கள், வெக்டர் இந்த மூன்றையும் முதலில் எடு. ஒரு மார்க் கேள்விகளைப் புத்தகத்தில் இருக்கிறபடி தினம் பத்து போடு.

தேறிய பாடங்களைத் திரும்ப எழுத வேண்டாம். துணைத் தேர்வு சீக்கிரமே வந்துவிடும். நாளைக் காலை பள்ளி அலுவலகத்துக்குப் போ, உன் பெயர் துணைத் தேர்வுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேள். தேதி தாண்டியிருந்தால் தட்கலில் கட்ட முடியுமா என்று கேள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. பட்டறை ஒரு மாதம் காத்திருக்கும் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல். இந்தப் பத்திரிகையையே காட்டு.